கிறிஸ்துமஸ் தாத்தாவின் சொந்த ஊர்: தெம்ரேயோடு திரும்பிவிடாதீர்கள்

கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமான புனித நிக்கலஸைத் தேடி துருக்கிக்குப் போகிறவர்கள் நேராகத் தெம்ரேக்குத்தான் போகிறார்கள். பழைய மீறா நகரம் அது. அவர் ஆயராக இருந்த இடம். அங்கே காட்டும் கல்லறை காலி. எலும்புகளை 1087-இலேயே பாரி நகரத்து மாலுமிகள் இத்தாலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் பிறந்த ஊர் மேற்கே இருக்கும் பத்தாரா. ஒரு இடத்துக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் பத்தாராவுக்கே போங்கள்.

ஆனால் நான் போன மாதிரி போகாதீர்கள். ஃபெத்தியேயிலிருந்து வந்த தோல்முஷ் (அந்த ஊர் மினி பஸ்) நெடுஞ்சாலைப் பிரிவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. பத்தாரா இடிபாடுகளை ஒட்டிய கெலெமிஷ் கிராமத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர். உச்சி வெயில், முதுகில் பை. நிழலில் நின்ற டாக்சிக்காரர் மீட்டர் போட மாட்டேன் என்றார். அத்தனை தூரம் வந்த பஸ்ஸுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு கேட்டார். பேரத்துக்கு மசியவே இல்லை. பகல் கொள்ளை! சீசனில் பக்கத்து ஊரான கல்கானிலிருந்து ஊருக்குள்ளேயே தோல்முஷ் வருகிறது, அதைப் பிடியுங்கள்.

கெலெமிஷில் ஒரு அம்மா கோஸ்லெமே சுட்டுக்கொண்டிருந்தார். மெல்லிய நீளக் குழவியால் மாவை மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தேய்த்து, கீரையும் வெள்ளைச் சீஸும் வைத்து மடித்து, குவிந்த இரும்புக் கல்லில் திருப்பித் திருப்பிப் போட்டார். ஓரமெல்லாம் மொறுமொறு. கூடவே உப்புப் போட்ட அய்ரான், கிட்டத்தட்ட நம்ம மோர். இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டும் டாக்சிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

சரி, பத்தாராவுக்கு வருவோம். மூன்று வாசல் வைத்த ரோமானிய வளைவு, லீசியக் கூட்டமைப்பின் (லீசியா என்ற இந்தப் பகுதியின் பழைய நகரங்கள் சேர்ந்தது) சபை கூடிய கல் மண்டபம், தூண் வரிசையோடு ஒரு கடைவீதி. பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுல் கப்பல் மாறி ஏறிய துறைமுகம் தூர்ந்து, இப்போது கோரை மண்டிக் கிடக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் இந்தப் பணக்காரத் துறைமுகத்தில், கிரேக்கம் பேசும் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் நிக்கலஸ் பிறந்தார் என்கிறது மரபு. அப்பா எப்பிபானியுஸ், அம்மா நோன்னா என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். அது 564-இல் இறந்த இன்னொரு நிக்கலஸின் பெற்றோர் பெயர். சீயோன் மடத்து நிக்கலஸ் என்பார்கள்; அவரும் இதே லீசியாக்காரர். பிற்காலத்தில் எழுதியவர்கள் இருவர் கதையையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களுக்காக ராத்திரியில் ஜன்னல் வழியே பொன் முடிப்பு எறிந்த கதை இருக்கிறதே, அது நடந்ததாகச் சொல்வதும் இந்த ஊரில்தான். பெற்றோர் விட்டுப்போன சொத்திலிருந்து கொடுத்தாராம். பனியும் கலைமானும் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை. அந்தக் கடைவீதியில் நின்றபோது எனக்குப் புல்லரித்தது.

இடிபாடுகளுக்கு எடுக்கும் டிக்கெட்டே கடற்கரைக்கும் செல்லும். ஆமைகள் முட்டையிடும் கரை என்பதால் ராத்திரி மூடிவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே நிழல் குறைவு, தண்ணீரைக் கிராமத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.