எழுபது வருஷம் கழித்து வந்த கோப்பை

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஏறியபோதே ரயிலில் நிற்கத்தான் இடம். எங்கு பார்த்தாலும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகள். 2025 மார்ச் 29, சனிக்கிழமை. இங்கிலாந்து கால்பந்தின் லீக் கோப்பையை ஜெயித்த நியூகாசில் யுனைடெட் அணிக்கு அன்று சொந்த ஊரில் ஊர்வலம்.

மார்ச் 16 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் லிவர்பூலை 2-1 என்று சாய்த்திருந்தார்கள். உள்நாட்டுக் கோப்பை ஒன்று இந்த ஊருக்கு வந்தது அதற்கு முன் 1955-இல், இங்கிலாந்தின் இன்னொரு நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையாக. அந்த 1955 இறுதியாட்டத்தில் 45-ஆவது விநாடியிலேயே தலையால் முட்டி கோல் போட்ட ஜாக்கி மில்பர்னுக்கு செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தருகே சிலை இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேர நடை. கூட்டத்தோடு நடந்தால் வழி கேட்கவே வேண்டாம்.

ஊர்வலத்தில் எல்லார் வாயிலும் டான் பர்ன் பெயர்தான். பக்கத்து பிளைத் ஊர்க்காரர். ஆறடி ஏழங்குலம். பதினோரு வயதில் இதே கிளப் வேண்டாமென்று அனுப்பிவிட்ட பையன், 2022-இல் திரும்பி வந்து, இறுதியாட்டத்தின் முதல் கோலைத் தலையால் போட்டார். இரண்டாவது இசாக்குடையது. லிவர்பூலுக்குக் கியேசா கடைசி நேரத்தில் ஒன்று திருப்பியதும் இவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்!

திறந்த பஸ்கள் டவுன் மூர் புல்வெளியில் போய் முடிந்தன. ஊருக்கு நடுவே இவ்வளவு பெரிய வெளி. கோடையில் மாடு மேய்க்கும் பழைய உரிமை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்குத் தெருக்களிலும் இங்குமாகச் சுமார் மூன்று லட்சம் பேர் என்றார்கள். போகிறவர்கள் கிரெக்ஸ் கடையில் சீஸ், வெங்காயம் வைத்த பேஸ்ட்ரியை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அது இந்தப் பக்கத்துக் கம்பெனிதான்.

அந்த சீசனின் தனிநபர் விருதுகள் லிவர்பூலின் முகமது சாலாவுக்குப் போயின. பிரீமியர் லீகில் 29 கோல், 18 அசிஸ்ட் (சக வீரர் கோல் போடக் கொடுத்த பாஸ்). பத்திரிகையாளர் விருது, சக வீரர்கள் தரும் விருது இரண்டும் அவருக்கே. நியாயம்தான். ஆனால் வெம்ப்ளியில் அவரைத் தேட வேண்டியிருந்தது. சீசன் முழுக்க ஆடியதற்குத் தருவது விருது. கோப்பைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

மே 17 அன்று எஃப்.ஏ. கோப்பையிலும் அதே கதை. கிறிஸ்டல் பேலஸ் 1, மான்செஸ்டர் சிட்டி 0. பேலஸின் எஸே கோல் போட்டார், அவர்கள் கோல்கீப்பர் ஹெண்டர்சன் பெனால்டி தடுத்தார். பேலஸுக்கு அது முதல் பெரிய கோப்பை. அவர்கள் ஊர்வலத்துக்குத்தான் எனக்கு லீவு கிடைக்கவில்லை.