நீலத்தில் ஒரு வெள்ளைக் கோடு

ஜூன் 3

மைக்ரோகிளியா செல்கள் தட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. மூளையின் காவல் செல்கள் இவை. 1919-இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ-ஹோர்த்தேகா இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். இன்று பாதிக் குழிகளில் எல்.பி.எஸ். விட்டேன். சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் பொருள் அது. கிருமி வந்துவிட்டது என்று நம்பி செல்கள் அழற்சியில் இறங்கும். நாளை செல்கள் வளரும் திரவமான மீடியத்தை எடுத்து எம்.எம்.பி-9 எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எம்.எம்.பி-9 என்பது புரதங்களை வெட்டும் எம்.எம்.பி. குடும்பத்து நொதி, அதாவது ஒரு புரோட்டியேஸ். துத்தநாகம் இல்லாமல் அதனால் வெட்ட முடியாது. மூளையில் அழற்சி வந்தால் அது இரத்தக் குழாய்ச் சுவரில் கைவைக்கிறது. செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாடின், ஆக்லுடின் புரதங்களும், அடியில் விரிந்திருக்கும் கொலாஜன் படலமும் அறுபடுகின்றன. இரத்த-மூளைத் தடுப்பு கசியத் தொடங்குகிறது. நீர் புகுந்து மூளை வீங்குகிறது, வெள்ளணுக்களும் உள்ளே வருகின்றன. அவற்றில் நியூட்ரோஃபில்கள் எம்.எம்.பி-9-ஐத் தயாராகவே சுமந்து வருபவை.

ஜூன் 5

நொதி இருக்கும் இடத்தைக் கோடாகக் காட்டும் ஜெல் சோதனை வீண். எல்.பி.எஸ். விடாத குழிகளிலும் பளிச்சென்று கோடு. மீடியத்தில் கன்றின் சீரம் இருந்தது. சீரத்திலேயே இந்த நொதிகள் உண்டு. சீரம் இல்லாத மீடியத்துக்கு மாற்ற மறந்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 6

செல்கள் தயாராகும்வரை வாசிப்பு. எம்.எம்.பி.க்கள் மட்டும் அல்ல, அழற்சியின் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு புரோட்டியேஸ் நிற்கிறது. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதமான டி.என்.எஃப். செல்லின் மேற்பரப்பில் கட்டிவைத்தபடி இருக்கிறது. அதை அறுத்து வெளியே விடுவது ஆடம்-17 என்ற புரோட்டியேஸ். அதே போன்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் இன்டர்லூகின்-1பீட்டா; அது 31 கிலோடால்டன் (புரதங்களின் எடை அலகு) அளவில், செயல்படாத வடிவில் உருவாகிறது. காஸ்பேஸ்-1 என்ற புரோட்டியேஸ் அதை 17 கிலோடால்டனாக நறுக்கிய பிறகுதான் அதற்கு வேகம் வருகிறது. அதே காஸ்பேஸ்-1 கேஸ்டெர்மின்-டி என்ற புரதத்தையும் வெட்டுகிறது. அதன் துண்டுகள் கூடி செல்சவ்வில் துளை போடுகின்றன; செல் உப்பி வெடிக்கிறது.

வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால்தானோ என்னவோ, உடல் இவற்றை இத்தனை பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது.

ஜூன் 10

இந்த முறை ஜெல் அழகாக வந்தது. ஜெலட்டின் கலந்த ஜெல்லில் சாம்பிளைக் கொதிக்க வைக்காமல் ஓட்டி, டிரைட்டான் என்ற சோப்புக் கரைசலில் கழுவி, கால்சியம் சேர்த்த கரைசலில் 37 டிகிரியில் இரவு முழுவதும் விட்டிருந்தேன். காலையில் புரதத்தை நீலமாக்கும் கூமாசி சாயம். நொதி தின்ற இடத்தில் மட்டும் ஜெலட்டின் இல்லை, அதனால் நீலமும் இல்லை. எல்.பி.எஸ். விட்ட வரிசையில் 92 கிலோடால்டனில் தெளிவான வெள்ளைக் கோடு. விடாத வரிசையில் மங்கலான நிழல். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. 92 என்பது எம்.எம்.பி-9-இன் செயல்படாத வடிவம். அதன் முன்துண்டில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்று துத்தநாகத்தை மூடிக்கொண்டிருக்கும். ஜெல்லில் இருக்கும் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருள் அந்த மூடியைத் திறந்துவிடுவதால்தான் இங்கே வெட்டுகிறது. ஆக, என் செல்கள் கத்தியை வெளியே வீசியிருக்கின்றன, ஆனால் உறையோடு. உறையைக் கழற்ற இன்னொரு புரோட்டியேஸ் வேண்டும். பிளாஸ்மின் எம்.எம்.பி-3-ஐத் திறக்கும், எம்.எம்.பி-3 இதைத் திறக்கும்.

ஜூன் 11

பிளாஸ்மின் என்றதும் அத்தைக்குப் பக்கவாதம் வந்த நாள் நினைவு. காலையில் எழுந்தபோதே அவருக்கு வலது கை வரவில்லை. மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" இரவில் தூக்கத்தில் நடந்ததை யார் சொல்வது? மூளைக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. ஊசி போடவில்லை.

அந்த மருந்தே ஒரு புரோட்டியேஸ்தான். பிளாஸ்மினோஜனை வெட்டி பிளாஸ்மின் ஆக்குகிறது, பிளாஸ்மின் கட்டியைக் கரைக்கிறது. அமெரிக்காவில் 1996-இல் பக்கவாதத்துக்கு ஒப்புதல் பெற்றபோது 3 மணி நேரக் கெடு. பிறகு சிகிச்சை வழிகாட்டுதல்களில் அது 4.5 மணியாக நீண்டது. கெடு தாண்டினால் மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. அதற்குள் சேதமான குழாய்ச் சுவரில் எம்.எம்.பி-9 வேலை தொடங்கியிருக்கும், டி.பி.ஏ. அதை இன்னும் தூண்டிவிடும். அன்று அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது புரிகிறது.

ஜூன் 13

வழிகாட்டியிடம் ஜெல்லைக் காட்டினேன். "எம்.எம்.பி-9-ஐத் தடுத்துவிட்டால் போதாதா சார்?" என்றேன்.

"எந்த நாளில் தடுப்பாய்மா?"

2006-இல் வந்த எலி ஆய்வு ஒன்றைப் படிக்கச் சொன்னார். பக்கவாதம் வந்த 7-ஆம் நாளில் எம்.எம்.பி.க்களைத் தடுத்தபோது எலிகளின் நிலை மோசமானது. முதல் நாளில் சுவரை இடிக்கும் நொதி, ஒரு வாரம் கழித்துப் புதுக் குழாய்கள் முளைக்க வழி வெட்டுகிறது.

24 மணி நேரம் என்ற ஒரே புள்ளியை வைத்துக்கொண்டு நான் இதைப் பேசவே கூடாது. 6, 24, 72 மணி, 7-ஆம் நாள் என்று எடுக்கப்போகிறேன். கூடவே நொதியின் இயற்கைத் தடுப்பான் டிம்ப்-1-ஐயும் அளக்க வேண்டும். அதற்கான ஜெல் நேர்மாறானது: எல்லாம் வெளுக்கும், டிம்ப் இருக்கும் இடம் மட்டும் நீலமாகவே நிற்கும்.

6 மணி மீடியம் இப்போது மைனஸ் 80-இல்.