டோக்கியோவில் ராமென்: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 4
ராமென் என்பது சூப்பில் போட்டுத் தரும் ஜப்பானிய நூடுல்ஸ். பல ராமென் கடைகளில் வாசலிலேயே சீட்டு இயந்திரம் நிற்கும். காசு போட்டு, பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைக் கொடுத்தால்தான் சாப்பாடு. பழைய இயந்திரங்கள் 1000 யென் தாளையும் சில்லறையையும் மட்டுமே வாங்கும். 10,000 யென் தாளை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். ஜப்பானிய எழுத்து தெரியாதா? மேல் வரிசையில் இடது ஓரப் பொத்தானை அழுத்துங்கள். கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கிண்ணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

நவம்பர் 7
ஓகிகுபோ பகுதி, ஹருகியா கடை. 1949-இல் தொடங்கிய கடை. டோக்கியோவின் பழைய சோயா சாஸ் ராமென் எப்படியிருக்கும் என்று கேட்பவர்களை முதலில் இங்கேதான் அனுப்புவேன். சூப்பில் தூக்கலாக இருப்பது நிபோஷி. அவித்து உலர்த்திய பொடிமீன், நம் நெத்திலிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. தலையும் குடலும் கிள்ளாமல் போட்டாலோ, தளதளவென்று கொதிக்கவிட்டாலோ நிபோஷி கசக்கும். கசப்பையே விரும்பி வைக்கும் கடைகளும் உண்டு. மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கவனியுங்கள்: அது மூடிபோலச் சூட்டைப் பிடித்து வைக்கும். ஆவி அதிகம் பறக்காது. ஆறிவிட்டது என்று நம்பி மடக்கென்று குடித்தால் நாக்கு வெந்துவிடும்.

நவம்பர் 12
ஹிகாஷி இகெபுகுரோ, தைஷோகென். யமகிஷி கசுவோ 1961-இல் திறந்தது. கடையில் மிஞ்சிய நூடுல்ஸை ஊழியர்கள் சூப்பில் தொட்டுச் சாப்பிடும் பழக்கத்தை, இதற்கு முன் நகானோ தைஷோகெனில் வேலை பார்த்தபோதே, அவர்தான் 1955-இல் விலைப்பட்டியலில் ஏற்றினார். இன்று அதற்குப் பெயர் ட்சுகெமென்.

வெந்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் கசக்கி அலசுவார்கள். மேலே படிந்த கஞ்சி போய் இழை இறுகும். அலசல் போதாவிட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். நீரை வடிக்காவிட்டால் சூப் நீர்த்துப்போகும். தொட்டுச் சாப்பிடுவதால் சூப்பில் உப்பும் அடர்த்தியும் கூடுதல். ஒரு வாய்க்கு வேண்டியதை மட்டும் எடுத்து, பாதி நனையும்படி தொட்டால் போதும். மொத்தமாகக் கொட்டினால் சூப் உடனே ஆறிவிடும். சூடாகவே வேண்டுமென்றால் "அட்சுமோரி" என்று கேளுங்கள், அலசிய நூடுல்ஸை மறுபடி சூடாக்கித் தருவார்கள். கடைசியில் "சூப்புவாரி" கேட்டால், மிஞ்சிய குழம்பில் சூடான சூப் ஊற்றிக் குடிக்கும் பதத்துக்கு இளக்கித் தருவார்கள். இதைக் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள்.

தடித்த நூடுல்ஸ் வேகவே ஏழெட்டு நிமிடம் ஆகும். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் போகும் இடமல்ல.

நவம்பர் 15
மீதா, ராமென் ஜிரோ. சின்ன அளவே மலைபோல வரும். பழகாதவர்கள் "மென் சுகுனமே" (நூடுல்ஸ் குறைவாக) என்று சீட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. "நின்னிகு இரெமாஸ்கா?" என்று கேட்டால் பூண்டு போடலாமா என்று பொருள்.

நவம்பர் 19
சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. "யசாய் ராமென்" (காய்கறி ராமென்) என்ற பெயரை நம்பாதீர்கள். காய்கறி மேலே கிடக்கும், சூப் பன்றி எலும்பிலோ கோழியிலோ வெந்திருக்கும். மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) ராமெனும் அப்படியே. டோக்கியோ ரயில் நிலையத்தில் டீஸ் தந்தன் என்ற கடை முழுக்க வீகன், பால், முட்டைகூடக் கிடையாது. எள்ளை அரைத்துச் சேர்த்த சூப், மணமும் திடமும் குறையாது. கடை டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருக்கிறது. ரயிலில் வந்திறங்கினால் வெளியேறும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வந்தால் நிலைய நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.