இரண்டு வாய் இட்லி
என் மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பது, அவளுடைய 3ஆம் வயதில், ஒரு திருமணப் பந்தியில் தேங்காய்ச் சட்னி என்று நம்பி நான் ஊட்டிய இரண்டு வாய் இட்லியால் தெரிய வந்தது. சட்னி கெட்டியாக இருக்கட்டும் என்று அதில் வேர்க்கடலையை வறுத்து அரைத்திருந்தார்கள். சில நிமிடங்களில் அவள் உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருத்துவமனையில் தொடையில் போட்ட அட்ரினலின் ஊசிதான் அவளை மீட்டது.

வேர்க்கடலை உண்மையில் கொட்டை அன்று. துவரை, உளுந்து, சோயா ஆகியவற்றைப் போலப் பயறு இனம். அப்படியானால் சாம்பாரும் ஆகாதோ என்று என் அம்மா கலங்கிப் போனார். ஆனால், வேர்க்கடலை ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்கு மற்றப் பருப்புகள் ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் விளக்கிய பிறகு, அவள் இன்றுவரை சாம்பார் சாதம் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள். முந்திரி வேறு இனம் என்றாலும், சிலருக்கு இரண்டுமே ஒவ்வாது என்பதால் அதையும் தனியே பரிசோதித்தோம்.

நான் அதிகம் அஞ்சுவது செக்குக் கடலை எண்ணெயைத்தான். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். செக்கில் ஆட்டியதில் அது தங்கிவிடுகிறது. ஆகவே, பந்தியில் ஒரு தாய் சட்னியில் என்ன அரைத்தீர்கள் என்று கேட்டால், தயவுசெய்து சமையற்கட்டுவரை சென்று விசாரித்துச் சொல்லுங்கள்.