கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கிராம அலுவலராக எனக்குக் கிடைத்த முதல் பிரிவு யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவில். ‘விதானை’ என்ற பழைய பதவிப் பெயர் மாறிக் கனகாலம் ஆகியும் ஊரில் நான் ‘விதானைப் பிள்ளை’தான். பொறுப்பெடுத்த கிழமையே கிராம விபரத்தைப் புதுப்பிக்கச் சொல்லிப் படிவம் வந்தது. சனத்தொகைக்கு ஒரு தாள், போக்குவரத்துக்கு ஒரு தாள்.

வளவு வளவாகப் போனேன். படலை இருக்கும், கிணறு இருக்கும், கல்வீடும் நிற்கும். சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் வளர்ந்திருக்கும். பழைய பதிவேட்டில் ஒரு குடும்பத்தில் எட்டுப் பெயர்கள். எதிரே பென்சிலால் ‘வெளிநாடு’, ‘கொழும்பு’, ‘வெளிநாடு’, ‘காலமானார்’. ஒரு பெயருக்கு மட்டும் குறிப்பு இல்லை. அந்தப் பெயருக்குரிய ஆச்சிதான் வந்து படலையைத் திறந்தார்.

1981க்குப் பிறகு வடக்கில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. அந்த இடைவெளியில் நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடிக்கு மேலே போயிற்று. யாழ்ப்பாண மாவட்டத்திலோ ஏழு இலட்சத்துக்கு மேல் இருந்த சனம் ஆறு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1991இல் தீவை விட்டுப் போனவர்களில் கனபேர் திரும்பவேயில்லை. யுத்தம் சனத்தைக் கலைத்தது எல்லாருக்கும் தெரியும். யுத்தம் முடிந்த பிறகும் ஏன் கலைகிறது என்பதைப் போக்குவரத்துத் தாளை நிரப்பும்போதுதான் கண்டேன்.

பஸ் சேவை: உண்டு, இல்லை. ‘உண்டு’ என்று அடையாளமிட்டேன். பொய்யில்லை. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணையால் வந்து, வாணர் தாம்போதியில் கடலைக் கடந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்க பஸ் பெருந்தெருவில் ஓடுகிறது. நயினாதீவு, நெடுந்தீவுச் சனமும் அதில்தான் இறங்குதுறைக்கு வரும். நயினாதீவு அம்மன் கோயில் ஆனித் திருவிழாவில் கால் வைக்க இடமிராது. எங்கள் ஒழுங்கைகளோ அந்தத் தெருவிலிருந்து இரண்டு கட்டை உள்ளே. உள்வீதிக்கு விடிய ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ்.

ஆச்சிக்குச் சீனி வருத்தம், பிறசர். கிளினிக் நாளில் நாலு மணிக்கே எழும்பி, கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, ரோச் லைற்றோடு நடப்பார். “மருந்து வரிசையில நிண்டு வரேக்குள்ள உள்பஸ் போயிடும் பிள்ளை. பிறகு பெருந்தெருவில இறங்கி இருட்டுக்குள்ள நடக்கோணும். போன மாசம் போகேல்ல.” குளிசையைக் கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு ஆக்கியிருந்தார். அந்தப் பாதிக் குளிசைகள் கடதாசியில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த ஆறு நாளும் விடியக்காலையில் பஸ் தரிப்பில் நின்றேன். கையில் பையனோடு நின்ற ஒரு தாய் சொன்னா: “இவன் பத்தாம் வகுப்புக்கு வந்தா ரியூசனுக்குப் போய்வர ஏலாது அக்கா. ரவுணில வாடகைக்கு வீடு பாக்கிறம்.” அவர்கள் போனால் பதிவேட்டில் இன்னும் நாலு பெயருக்குப் பென்சில் குறிப்பு விழும். உள்வீதிக்கு இன்னொரு பஸ் கேட்டு நான் எழுதியதற்கோ, “சனம் காணாது” என்று மறுமொழி வந்தது. சனமில்லை என்று பஸ் இல்லை, பஸ் இல்லை என்று சனமில்லை. இதை வேறு வேறு தாளில் எழுதினால் யாருக்கு விளங்கும்?

சனத்தொகைத் தாளின் ஓரத்தில் அடிமட்டம் வைத்து ஒரு நிரல் கீறினேன்: கடைசி உள்பஸ் நேரம். “படிவத்தில் இது இல்லையே” என்று மேலதிகாரி கேட்டார். ஆச்சியின் குளிசைக் கதையைச் சொன்னேன். அவர் அழிக்கச் சொல்லவில்லை.

பெயர்களைப் பேனையால் எழுதினேன், நேரத்தைப் பென்சிலால். அது அடிக்கடி மாறும். மாறுகிற அன்றைக்கு ஆச்சிக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடுவேன்.