கதவு நிலையில் செதுக்கிய குதிரை: அலமாரி ஏற 74 நாள்

"பழைய மரம்தானே, இனிமேல் என்ன வெடிக்கப்போகிறது?" இந்த நினைப்புதான் பழைய மரப் பொருள் சேகரிப்பில் அதிகச் சேதம் செய்கிறது. ஐம்பது வருஷம் கூரைக்கடியில் காய்ந்த மரமும், இடித்தபின் ஒரு மழைக்காலம் வெட்டவெளியில் கிடந்தால் மறுபடி ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் புதிதாக வரும் உருப்படி எதுவும் நேரே அலமாரிக்குப் போவதில்லை. பழைய கருமருது நிலைச்சட்டத் துண்டில் செதுக்கிய ஒரு குதிரைப் பொம்மை எப்படிக் கரையேறியது என்ற குறிப்பு இது.

நாள் 1. எடை 1,425 கிராம், மாய்ஸ்சர் மீட்டரில் ஈரம் 14 சதவீதம். வயிற்றுப் பக்கம் வைரம் (முற்றிய உள்மரம்) இல்லாத வெளிறிய பட்டை ஒன்று ஓடுகிறது. பூச்சி ஏறினால் முதலில் அங்கேதான் ஏறும். விலாவில் இரண்டு ஆணித் துளை. இரண்டைச் சுற்றியும் நீலக்கறுப்புக் கறை, நரம்போட்டத்தோடு நீளவாக்கில் இறங்கியிருக்கிறது. துவர்ப்புள்ள மரத்தில் இரும்பும் ஈரமும் பல காலம் சேர்ந்திருந்தால் இப்படி ஊறும். பழசுபோலக் காட்ட டிரில்லில் போட்ட துளையில் சாயம் மேலோடு நிற்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். ஆக்சாலிக் அமிலம் தடவி இந்தக் கறையை எடுப்பவர்கள் உண்டு. எடுத்துவிட்டால் பழைய மரம் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போச்சு. உடைந்த ஆணி உள்ளே இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை.

கறுப்புத் தாள் விரித்து, அதன்மேல் குதிரையை நிறுத்தி, பழுப்புக் காகித உறையைத் தளர்வாகக் கவிழ்த்தாயிற்று. உறை இல்லாவிட்டால் வெட்டுமுகம் (மரத்தைக் குறுக்கே அறுத்த பக்கம்) பக்கவாட்டைவிடச் சீக்கிரம் உலர்ந்து பிளக்கும்.

நாள் 9. தாளில் ஒரு சிட்டிகை துகள். இங்கேதான் லென்ஸ் வேண்டும். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கினால் உளுவண்டு. இது கசகசா மாதிரி உருண்டது. பத்து மடங்கு லென்ஸில் ஒவ்வொன்றும் ஆறு பட்டையாகத் தெரிந்தது. உலர்மரக் கரையானின் எச்சம். மண்ணோடு தொடர்பே இல்லாமல் கட்டைக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் ஜாதி, பக்கத்துப் பொருளுக்கும் பரவும்.

நாள் 10 முதல் 24 வரை ஃப்ரீசர், மைனஸ் 18 டிகிரி. பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, இரண்டு சுற்று டேப் ஒட்டி, அறைச் சூட்டிலிருந்து நேரே உள்ளே வைக்க வேண்டும். படிப்படியாகக் குளிர்த்தால் பூச்சி பழகிக்கொள்ளும். 14 சதவீத ஈரத்தில் மர நாளங்களில் திரவமாகத் தண்ணீர் நிற்பதில்லை, எனவே உறைந்து பிளக்கும் என்ற பயம் வேண்டாம். எடுத்தபின் பையை 24 மணி நேரம் பிரிக்கவே கூடாது. பிரித்தால் குளிர்ந்த மரத்தின்மேல் வியர்த்துவிடும். அரக்குப் பூச்சோ, எலும்பு, பித்தளைப் பதிப்போ உள்ள பொருளுக்கு இந்த வைத்தியம் ஆகாது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு சுருங்கிப் பெயர்ந்துவிடும்.

பழைய வளையில் மிச்சமிருக்கும் எச்சம் பிறகும் உதிரும், "இன்னும் சாகவில்லையோ" என்று குழப்பும். கரையான் துளைகளைத் தட்டி உதிர்த்துவிட்டு, கறுப்பு மெழுகால் அடைத்தாயிற்று. அடைத்ததில் புதிதாக ஒன்று திறந்தால்தான் கவலை.

நாள் 33. மார்பில் 4 செ.மீ. வெடிப்பு. மரத்தின் நடுத்தண்டு அங்கே வருகிறது. வளையங்களின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. நடுத்தண்டு உள்ளே இருந்தால் அந்த இழுப்புக்கு வேறு வழியில்லை. உடனே மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கக் கை பரபரக்கும். கூடாது. ஈரக்காலத்தில் மரம் உப்பும்போது அடைப்பு ஆப்பு மாதிரி நின்று வேறிடத்தில் பிளக்க வைக்கும்.

வாரம் ஒரு முறை எடை. நாள் 60-இல் 1,377. நாள் 67-இல் 1,375. நாள் 74-இலும் 1,375. இறங்குவது நின்றுவிட்டது, மீட்டர் 10 காட்டியது. மீட்டர் மேல்தோலைத்தான் படிக்கும், தராசுதான் முழு மரத்தையும் சொல்லும்.

மெழுகு: தேன்மெழுகு 1 பங்கு, டர்பன்டைன் 3 பங்கு, எடைக்கணக்கில். மெழுகைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து, தள்ளி எடுத்துப்போன பிறகே டர்பன்டைன் ஊற்றணும். பிடரி வெட்டுகளில் தடிப்பாகப் போட்டால் வெள்ளையாக உறைந்துவிடும். பழைய பல்துலக்கியால் மெல்லிசாக ஒரு முறை போதும். ஆளிவிதை எண்ணெய் செதுக்கு வேலைக்கு வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். வேறெதற்காவது பயன்படுத்தினாலும் அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்.

வெடிப்பு அப்படியே விடப்பட்டது. அகலம் அரை மில்லி. அடுத்த ஈரக்காலத்தில் மறுபடி அளக்கணும்.