சக்கரம் போன பிறகு வரும் தண்ணீர்

மலையில் நடைபாதைகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. கடப்பாரை, மண்வெட்டி, கல் சுமக்க நாலு கைகள் இருந்தால் போதும். முதல் சில ஆண்டுகள் காலடி பட்டுத் தேய்ந்த இடங்களைத்தான் சரிசெய்துகொண்டிருந்தோம். ஜீப்புகளும் கரடுமுரடான தடத்தில் ஓட்டும் பைக்குகளும் மேலே ஏறத் தொடங்கியதும் வேலையே வேறாகிவிட்டது.

வண்டியின் எடைதான் பாதையைக் கெடுக்கிறது என்று அப்போது நம்பினேன். இரண்டு டன் இரும்பு ஏறினால் மண் அமுங்கத்தானே செய்யும்? அமுங்கத்தான் செய்கிறது. அதுவும் முதல் சில தடவை ஓட்டும்போதே பெரும்பகுதி இறுகிவிடும். ஈரமண் என்றால் இன்னும் மோசம். ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு நாள் கொட்டும் மழையில் என்னை மேலே கூட்டிப்போய், “மண்ணைப் பார்க்காதே, தண்ணீரைப் பார்” என்றார். மனிதர் நடந்த இடத்தில் ஒவ்வொரு காலடியும் தனித்தனிக் குழி. அதில் தண்ணீர் தேங்கி நின்றது. சக்கரம் போன இடத்தில் அறுபடாத இரண்டு கோடுகள், சரிவின் போக்கிலேயே. தண்ணீர் அவற்றில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. இறுகிய மண் நீரை உறிஞ்சாது. அதனால் விழுந்த மழையெல்லாம் அந்த வாய்க்காலுக்குத்தான் வருகிறது.

ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறக்குறைய 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. படித்தபோது நம்ப முடியவில்லை. ஒரே மழைக்காலத்தில் முழங்கால் ஆழத் தடம் இடுப்பளவு பள்ளமானதைப் பார்த்தபின் நம்பினேன். பள்ளம் விழுந்ததும் நடப்பவர்கள் அதை ஒட்டிப் புல்லில் நடக்கிறார்கள். புல் செத்துச் சேறானதும் இன்னும் தள்ளி நடக்கிறார்கள். ஓராள் அகலத்தில் இருந்த பாதை ஐந்தாறு கிளைகளாக விரிந்துவிடுகிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சேற்றில் கால் புதைய யார் நடப்பார்கள்?

ஒருமுறை மூன்று வாரம் பாடுபட்டு ஒரு சரிவில் குறுக்குக்கற்கள் பதித்தோம். பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லைப் புதைத்தால் வரும் தண்ணீரை அது ஓரத்துக்குத் திருப்பிவிடும். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது. அடுத்த வாரம் போனால் நான்கு கற்களைக் காணோம். சேற்றில் சிக்கிய வண்டியை எடுக்க யாரோ அவற்றைத் தோண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். டயர் சுழன்ற இடத்தில் புல் வேரோடு கிழிந்து, கீழே மஞ்சள் மண் தெரிந்தது. அன்று மதியம் வரை நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. உயரத்தில் செடி வளரும் பருவம் குறுகியது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கல்லைத் திரும்பப் பதித்துவிடலாம், அந்த மண்ணை எங்கிருந்து கொண்டுவருவது?

சட்டம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1972-இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை, கூட்டாட்சி அரசின் நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று வகுக்கச் சொன்னது. 1977-இல் அதிபர் கார்ட்டர் அதைத் திருத்தி, கடும் சேதம் நேர்வது தெரிந்தால் அந்தத் தடத்தை உடனே மூட வேண்டும் என்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பல பழைய பாதைகளில் மோட்டார் வண்டி ஓட்ட இருந்த, ஆனால் ஆவணத்தில் பதிவாகாத, உரிமையை நீக்கியது. இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது 1977-இன் அந்த ‘உடனே’. ஆய்வு, அறிவிப்பு, ஆட்சேபம் என்று மாதங்கள் போவதற்குள் தண்ணீர் தன் வேலையை முடித்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் தடைசெய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. மழை நின்ற பின் மண் காயும்வரை மூடினாலே பாதி வேலை குறையும்.

போன மழைக்காலத்தில், அனுமதி உள்ள தடம் ஒன்றில் ஜீப் ஓட்டி வந்தவர் எங்களைக் கண்டு நிறுத்தினார். கோபமாகத்தான் அருகே போனேன். அவரோ, “மழை விட்டு எத்தனை நாள் கழித்து வரலாம்?” என்று கேட்டார். நாள் கணக்கு சொல்ல முடியாது, இறங்கிக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள் என்றேன். இறங்கி அழுத்தினார். காலை எடுத்ததும் குழியில் தண்ணீர் ஊறியது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைத் திருப்பப் போனார். “இங்கே திருப்பாதீர்கள், புல் கிழியும். கீழே பாறை வரும்வரை பின்னாலேயே எடுங்கள்” என்றேன். இருநூறு மீட்டருக்கு மேல் இருக்கும். வந்த தடத்திலேயே சக்கரம் நிற்கும்படி, நான் பின்னால் நடந்து கை காட்ட, மெதுவாக இறக்கினார்.